மெம்பர் கார்டு கேட்ட அந்த மாலை: ஃபிலிம் சொசைட்டி அனுபவங்கள்

பழைய விடுதிவாசி
1983. சனிக்கிழமை மாலை, கல்லூரியில் கெமிஸ்ட்ரி வகுப்பு நடக்கும் கேலரி, 16 எம்.எம். ப்ரொஜெக்டர், ஜன்னல்களில் கறுப்புத் துணி. ஃபிலிம் சொசைட்டியில், அதாவது நல்ல படங்களை வரவழைத்துச் சேர்ந்து பார்க்கும் சங்கத்தில், இருந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வாசலில் கார்டு பார்ப்பது என் வேலை.

அன்று மெஸ் அண்ணன் வந்து நின்றார். மூன்று வருடமாக எனக்குச் சோறு போட்டவர். தலையைப் படிய வாரி, சலவை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி. "தம்பி, ஒரு ஓரமா நின்னு பாத்துக்கறேன்" என்றார். "மெம்பருக்கு மட்டும்தான் அண்ணே" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி" என்றார். உள்ளே வரப்போகிறோம் என்று முன்னாடியே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதைக் கீழே போட்டு, ஒவ்வொரு காலாக மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை இட்லி வைக்கும்போது, "படம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். அந்தச் செருப்பு இன்றும் கண்ணை விட்டுப் போகவில்லை.

கடைசி பெஞ்ச்
வருத்தப்படாதீர்கள், நீங்கள் செய்தது சரிதான். சென்சார் சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுப் படங்களை உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டலாம் என்றுதான் விலக்கு கொடுத்திருந்தார்கள். 1959இல் சத்யஜித் ரே தலைவராக இருந்து தொடங்கிய ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பில் நாங்களும் சேர்ந்திருந்தோம். யாராவது ஒரு புகார் கொடுத்தால் போதும், சொசைட்டியையே மூட வேண்டியதுதான். நானும் ஒருமுறை என் சொந்தத் தம்பியைத் திருப்பி அனுப்பினேன். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

மழைக்காலம்
விதியைப் பேசும் நண்பரே, எங்கள் கேலரியில் முதல் இரண்டு வரிசையும் பேராசிரியர்களின் மச்சான், மாமனார், பக்கத்து வீட்டார் என்று நிறைந்திருக்கும். அவர்களிடம் யாரும் கார்டு கேட்டு நான் பார்த்ததில்லை. விதி, வேட்டி கட்டியவரிடம் மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது. பழைய விடுதிவாசி, அவரைப் பிறகு பார்த்தீர்களா?

ஆபரேட்டர்
என்னுடைய உறுத்தல் வேறு மாதிரி. புனே திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த பிரிண்ட். ஒரு கிழவியின் முகம் திரையில் அப்படியே நின்றது. கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி விழுந்து, குமிழ்விட்டு, முகம் முழுவதையும் தின்று, திரை வெள்ளையாகிவிட்டது. நான் வெட்டி ஒட்டித் திருப்பி அனுப்பினேன், யாரிடமும் சொல்லவில்லை.

இப்போதும் யாராவது பழைய ப்ரொஜெக்டர் வைத்திருந்தால் கேளுங்கள். விளக்குக்கு முன்னால் ஃபிலிம் நுழைந்து போகும் இடுக்குக்கு 'கேட்' என்று பெயர். ஃபிலிம், அந்தக் கேட்டுக்கு வெளியே சீராக ஓடும், கேட்டுக்குள் ஒவ்வொரு ஃபிரேமாக நின்று நின்று போகும். இரண்டுக்கும் இடையில் இழுபடாமல் காப்பது கேட்டுக்கு மேலும் கீழும் தளர்வாக விடுகிற வளைவு, அதுதான் லூப். படம் துள்ள ஆரம்பித்தால் லூப் போய்விட்டது என்று அர்த்தம். கவனிக்காமல் விட்டால் ஓரத்துளைகள் கிழிந்து ஃபிலிம் சிக்கிக்கொள்ளும். நின்ற ஃபிரேமை விளக்குச் சூடு உருக்கிவிடும். அதனால் சிக்கினால் கை முதலில் விளக்கு சுவிட்சுக்குப் போகட்டும், மோட்டாருக்கு அப்புறம். ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால் கேட்டை மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள், இரும்பால் சுரண்டவே கூடாது. 1600 அடி ரீல் 44 நிமிடம் ஓடும் என்று நம்பி டீ குடிக்கப் போய்விடாதீர்கள். நான் போனேன்.

பழைய விடுதிவாசி
மழைக்காலம், 2009இல் தேடிக்கொண்டு போனேன். மெஸ்ஸைக் காண்ட்ராக்டில் விட்டிருந்தார்கள். பழைய ஆட்களின் பதிவேடு இருக்கிறது, பெயரைச் சொல்லுங்கள் என்றார் ஆபீஸில் இருந்தவர். எனக்கு "அண்ணே" என்று மட்டும்தான் தெரியும்.