டயரில் எழுதியிருக்கும் நம்பர்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்க (டிசையர், வேலூர்)

காட்பாடி_டிசையர்:
அப்பாவுடைய பழைய டிசையர் காருக்கு நாலு டயரும் மாற்ற வேண்டும், பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்து ஓரமெல்லாம் மொட்டையாகிவிட்டது. இப்போது வண்டியில் இருப்பது 165/80 ஆர்14 85எஸ். வேலூரில் ஒரு கடையில் கேட்டால், அந்த சைஸ் ஸ்டாக் இல்லை சார், 175/70 ஆர்14 84டி போட்டுக்குங்க, அகலம் ஜாஸ்தி, கிரிப் நல்லா இருக்கும், விலையும் குறைத்துத் தர்றேன் என்கிறார். போடலாமா? அவர் காட்டிய டயரில் ஒரு சின்ன வட்டத்துக்குள் 1423 என்று இருந்தது, என்ன என்று கேட்டதற்கு அது பேட்ச் நம்பர் என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு டயரில் அந்த நாலு எண்களே இல்லை, எழுத்துகள் பாதியோடு நின்றுவிட்டன, அது டூப்ளிகேட்டா? மேக்ஸ் பிரஷர் 51 பிஎஸ்ஐ என்று வேறு போட்டிருக்கிறது, அவ்வளவு காத்தா பிடிக்கணும்? அடிக்கடி குடும்பத்தோடு பெங்களூர் போய் வருகிற வண்டி, அதனால்தான் இவ்வளவு கேள்வி.

ஆற்காடு_ரோடு:
தைரியமா 175 போடுங்க பாஸ். எங்க தெருவில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகல.

வாலாஜா_ஒர்க்‌ஷாப்:
175 போடுவது தப்பில்லை, 175/70 போடுவதுதான் சரியில்லை. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். சாய்கோட்டுக்குப் பிறகு வருவது உயரம், ஆனால் அது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஆர் என்றால் ரேடியல், டயரின் கட்டமைப்பு வகை அது, நிறைய பேர் அதை ரேடியஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 14 என்பது டிஸ்க்கின், அதாவது டயரை மாட்டும் உலோகச் சக்கரத்தின் குறுக்களவு, இன்ச்சில்.

இப்போது உங்க டயரைக் கணக்குப் போடுங்க. 165இல் 80 சதவீதம் 132 மி.மீ., அது மேலே ஒரு பக்கம் கீழே ஒரு பக்கம், நடுவில் 14 இன்ச் டிஸ்க் 355.6 மி.மீ., மொத்தம் கிட்டத்தட்ட 620. கடைக்காரர் சொல்வதில் 175இல் 70 சதவீதம் 122.5, மொத்தம் 600 சொச்சம். ஆக சக்கரம் 19 மி.மீ. சின்னதாகிறது, ஏறக்குறைய 3 சதவீதம். மீட்டரில் இப்போது இருப்பதைவிட 3 சதவீதம் வேகம் கூடுதலாகக் காட்டும், ஓடாத கிலோமீட்டரும் ஓடியதாக ஏறும், வண்டி 9 மி.மீ.க்கு மேல் கீழே இறங்கும். நாலு பேர் உட்கார்ந்து டிக்கியில் சாமானும் இருந்தால், நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கரில் அந்த 9 மி.மீ. அடியில் உரசும்போதுதான் தெரியும்.

கடைசியில் இருக்கும் 85 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, 515 கிலோ. 84 என்றால் 500 கிலோ. உங்க காரின் எடைக்கு 500ம் தாங்கும்தான், ஆனாலும் கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது, மேலே போனால் பரவாயில்லை. அகலம்தான் வேண்டும் என்றால் 185/70 ஆர்14 88 கேளுங்க, 560 கிலோ தாங்கும், குறுக்களவில் வித்தியாசம் 5 மி.மீ. மட்டும். ஸ்டீயரிங் லேசா கனமாகும், மைலேஜும் கொஞ்சம் குறையலாம். என்னைக் கேட்டால் 165/80ஏ போதும், ரெண்டு நாள் காத்திருங்க, ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ கிடைக்காத சைஸா அது.

கடைசி எழுத்தைப் பொறுத்தவரை எஸ் 180, டி 190, எச் 210 கிலோமீட்டர் வேகம் வரை. நாம யாரும் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனால் வேகம் என்பது டயருக்குச் சூடு, கத்திரி வெயிலில் பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடுகிற வண்டிக்கு எஸ்ஸை விட டி வாங்குவது நல்லதே.

அரக்கோணம்_லோக்கல்:
பேட்ச் நம்பராம்! 1423 என்றால் 2023ஆம் வருஷத்தின் 14ஆவது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் செய்த டயர். எங்க ஊர்ப் பக்கம் இச்சிபுத்தூர் எம்ஆர்எஃப் ஃபாக்டரியில் வருவதாக இருந்தாலும் சரி, வெளிநாட்டு டயராக இருந்தாலும் சரி, முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். விலை ஏன் குறைத்துத் தருகிறார் என்று இப்போது புரிகிறதா? நிழலில் ஒழுங்காக வைத்திருந்தால் பழைய ஸ்டாக் என்பதாலேயே கெட்டுப்போகாது, ஆனால் புது விலை கொடுக்காதீங்க.

அந்த இன்னொரு டயர் டூப்ளிகேட் என்று சொல்ல முடியாது. டிஓடி என்று தொடங்கும் முழு வரிசையும் தேதியோடு ஒரு பக்கம்தான் இருக்கும், மறுபக்கத்தில் தேதி இல்லாமல் விட்டுவிடுவார்கள். புரட்டிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ஏற்கெனவே வண்டியில் மாட்டியதென்றால் அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருக்கும், செல்போன் டார்ச்சோடு குனிந்து பார்க்க வேண்டியதுதான். டூப்ளிகேட் பயம் இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்க, இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம், அதோடு ஐஎஸ் 15633 என்ற எண்ணும் இருக்கும்.

ஆம்பூர்_ஸ்டெப்னி:
51 பிஎஸ்ஐ வைத்துவிடாதீங்க அண்ணா!! அது அந்த டயர் தாங்கும் உச்சம், உங்க காருக்கான அளவு இல்லை. டிரைவர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, ஃபுல் லோடு என்றால் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னால் பிடிங்க. வெயிலில் ஓடி வந்து பங்க்கில் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்து காத்தை இறக்கிவிடக் கூடாது, ஆறினதும் அளவுக்குக் கீழே போய்விடும். குறைந்த காத்தோடு ஓடும் டயர்தான் வெயிலில் சீக்கிரம் சூடேறி வெடிக்கும்.

பழைய டயர் இன்னும் ஓடுமா என்று பார்க்க, ஓரத்தில் டிடபிள்யூஐ என்றோ ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும், அதற்கு நேரே பள்ளத்துக்குள் குட்டி மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆகணும். உங்களுக்கு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் அலைன்மென்ட்டோ காத்தோ ஏதோ சரியில்லை, அதைப் பார்க்காமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியேதான் போகும்.

காட்பாடி_டிசையர்:
எல்லாருக்கும் நன்றி. வேறு கடையில் 165/80 ஆர்14 85டி சொல்லி வைத்துவிட்டேன், தேதி பார்த்துத்தான் எடுப்பேன் என்றும் சொன்னேன், அலைன்மென்ட்டும் அங்கேயே. ஒரே ஒரு சந்தேகம், சில புது டயரில் மஞ்சள் பொட்டு வைத்திருக்கிறதே, அது என்ன?

வாலாஜா_ஒர்க்‌ஷாப்:
டயரிலேயே எடை குறைந்த இடம் அது. டிஸ்க்கில் மாட்டும்போது வால்வுக்கு நேரே வைத்து மாட்டச் சொல்லுங்க, பேலன்சிங்குக்கு ஈயக்கட்டி குறைவாகப் பிடிக்கும். ஆனால் அதுக்காக பேலன்சிங் வேண்டாம் என்று விட்டுவிடாதீங்க.