உளவுத்துறைக்கு இருபதாண்டுத் திட்டம் வேண்டுமா?

பெரம்பூர் கதிர்:
நம் உளவு அமைப்புகளில் பத்து, இருபது ஆண்டு தள்ளி யோசிப்பதற்கென்றே தனி ஆட்கள் வேண்டும் என்பது என் கட்சி. இலங்கையின் அம்பாந்தோட்டையைப் பாருங்கள். 2008இல் துறைமுக வேலை தொடங்கியது. 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் வந்து நின்ற பிறகுதான் சென்னையில் டீக்கடை வரை அந்தப் பேச்சு வந்தது. இப்படி மெல்ல நகரும் விஷயம், நாளைக்கு எங்கே குண்டு வெடிக்கும் என்று பதறிக்கொண்டிருப்பவர் கண்ணில் படாது. அமெரிக்காவில் தேசியப் புலனாய்வுக் குழு இதற்காகவே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிட்டு வந்தது. புதிய சுவாச நோய் ஒன்று உலகெங்கும் பரவக்கூடும் என்று 2008 அறிக்கையிலேயே இருக்கிறது.

அடையாறு மீரா:
கதிர், உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. 2008லேயே எழுதிவிட்டார்கள், சரி. 2020இல் அதே அமெரிக்கா முகக்கவசத்துக்குத் திண்டாடியதே! எழுத ஆளில்லாமல் யாரும் கெட்டுப்போகவில்லை. எழுதியது யார் மேஜைக்குப் போகிறது என்பதில்தான் ஓட்டை.

1999 கார்கில் போருக்குப் பின் அரசு அமைத்த மறுஆய்வுக் குழு சொன்னதைப் பாருங்கள். கார்கிலுக்கு எதிர்ப்புறம் பாகிஸ்தான் முகாம்களில் நடமாட்டம் பற்றி 1998 ஜூனில் உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி. ஒரு குறிப்பு அனுப்பியது. பிரதமருக்குப் போனது, உள்துறை அமைச்சருக்குப் போனது. வெளிநாட்டு உளவு அமைப்பான ராவின் தலைவருக்கும், கூட்டுப் புலனாய்வுக் குழுத் தலைவருக்கும், ராணுவ உளவுத் தலைவருக்கும் போகவில்லை. துண்டு துண்டாக வரும் தகவலைச் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்களே இந்த மூன்று பேர்தான். அடுத்த மே மாதம் மலையுச்சியில் எதிரி உட்கார்ந்திருந்தான்.

பெரம்பூர் கதிர்:
அந்தக் குழுவின் தலைவர் கே. சுப்ரமணியம், நம் மாநிலக் கல்லூரியில் படித்தவர். அவர்கள் அறிக்கைக்குப் பிறகு 2004இல் என்.டி.ஆர்.ஓ. வந்தது. தொழில்நுட்பத்தால் தகவல் திரட்டுகிற அமைப்பு அது. கண்ணும் காதும் கூடினால் போதுமா? உட்கார்ந்து யோசிக்கவும் ஆள் வேண்டாமா?

தாம்பரம் ஜமால்:
மீராம்மா, நான் கதிர் தம்பி பக்கம். கார்கில் தொலைவு, ஸ்ரீபெரும்புதூர் நம் வாசல். எண்பதுகளில் ஈழ இயக்கங்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது நம் அரசுதான். 1987இல் அமைதிப்படை போய் அதே புலிகளுடன் சண்டை போட்டது. 1990 மார்ச்சில் திரும்பியது. 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கியைக் கையில் கொடுத்த அன்றே, பத்து வருஷத்தில் இது எங்கே போய் நிற்கும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டாமா? இன்னொன்று, ஐ.பி.எஸ். அதிகாரிகள் பலர் உளவு அமைப்புகளுக்கு அயற்பணியில் (டெபுடேஷனில்) வருகிறார்கள், சில வருஷத்தில் மாநிலத்துக்குத் திரும்புகிறார்கள். ஒரே நாட்டைப் பதினைந்து வருஷம் விடாமல் பார்க்க ஆள் வேண்டும்.

அடையாறு மீரா:
ஐயா, ஒரே ஆள் நீடித்து இருக்க வேண்டும் என்பதை முழு மனதாக ஏற்கிறேன். ஆனால் அன்று ஒருவர் அப்படி எழுதியிருந்தாலும், அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கு இருந்தது? இந்த அமைப்புகளைக் கண்காணிக்க நாடாளுமன்றக் குழு இன்றுவரை இல்லை. 2011இல் ஒரு எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. தகவல் உரிமைச் சட்டத்திலும் இவற்றுக்கு விலக்கு. இருபதாண்டுக் கணிப்பு பொய்த்தால், எழுதியவரையும் படித்துவிட்டு ஒதுக்கியவரையும் யார் கூப்பிட்டுக் கேட்பது? முதலில் அந்தக் குழு வரட்டும்.

பெரம்பூர் கதிர்:
குழு வரட்டும், நானும் கை தூக்குகிறேன். அது வரும்வரை யோசிப்பதைத் தள்ளிப்போடச் சொன்னால் அதற்கு மட்டும் ஒப்ப மாட்டேன்.