செவுள் இருந்தும் சூரை மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாவது ஏன்?

கேள்வி: பாம்பன் கரையோரம்

அனைவருக்கும் வணக்கம். காற்றில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, கடல்நீரில் கொஞ்சமே கரைந்திருக்கிறது என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, நீரை விட்டு எடுத்த மீன் திணறிச் சாவது ஏன்? தூண்டிலில் பிடித்த விளைமீன் வள்ளத்தில் வெகுநேரம் வாயைத் திறந்து மூடிக் கிடக்கிறது. வலையில் மாட்டிய சூரையோ, வலையை இழுக்கும்போதே பெரும்பாலும் செத்திருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மூச்சடைக்குமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: விலங்கியல் ஆசிரியை, மண்டபம்

வணக்கம், தம்பி. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உண்டு. நம் கடலின் வெதுவெதுப்பான நீரில் பெரும்பாலும் 5 மில்லிலிட்டர்கூடத் தேறாது. இந்தக் கொஞ்சத்தையும் விடாமல் பிரித்தெடுப்பதற்கென்றே செவுள் அமைந்திருக்கிறது.

விளைமீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், பக்கத்துக்கு நான்கு வளைவுகளும், ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாகச் சிவந்த இழைகளும் தெரியும். அந்த இழைகளின் இருபுறமும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆக்சிஜன் இரத்தத்தில் ஏறுவதும் கரியமில வாயு நீரில் இறங்குவதும் அந்தத் தகடுகளின் சுவர் வழியாகத்தான். இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது இரத்தம் ஓடும் திசை. வாயில் புகுந்த நீர் தகடுகளுக்கிடையே ஒரு திசையில் போக, உள்ளே இரத்தம் அதற்கு நேர் எதிர்த் திசையில் வருகிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடினால், நீரிலும் இரத்தத்திலும் ஆக்சிஜன் சமமானதும் பரிமாற்றம் பாதியில் நின்றுவிடும். எதிரெதிராக ஓடுவதால், தகட்டின் எந்த இடத்திலும் இரத்தத்தில் இருப்பதைவிட அதை ஒட்டிய நீரில் ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. ஆகவே சில மீன்கள் நீரிலுள்ள ஆக்சிஜனில் 80 விழுக்காடு வரை எடுத்துக்கொள்கின்றன.

கரையேறிய மீனுக்கு இந்த அமைப்பே எமனாகிறது. நீருக்குள் விரிந்து மிதக்கும் தலைமுடி, வெளியே வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் போல, நீரின் தாங்கல் போனதும் தகடுகள் படிந்து ஒட்டிவிடுகின்றன. சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும், அதை வாங்கும் பரப்பு மிகவும் சுருங்கிவிடுகிறது.

பதில்: தென்கடல்

சூரையைப் பற்றி நான் சொல்கிறேன். விளைமீன் வாயையும் செவுள் மூடியையும் மாறி மாறி அசைத்து, நின்ற இடத்திலேயே நீரை உள்ளிழுத்துத் தள்ளும். சூரைக்கு அந்த வசதி போதாது. வாயைச் சற்றே திறந்தபடி இடைவிடாமல் நீந்தினால்தான் அதன் செவுளுக்குள் போதிய நீர் பாயும். வலைக்கண்ணில் சிக்கி நீச்சல் நின்றால், நீரோட்டமும் நின்று அது மூச்சடைத்துச் சாகிறது. ஓயாமல் நீந்தும் உடலுக்கு ஆக்சிஜன் தேவையும் அதிகம்.

திருக்கை இதற்கு நேர்மாறானது. மணலில் அப்பிக் கிடக்கும் அது, கண்ணுக்குப் பின்னாலுள்ள துளைகளால் மேலிருந்து நீரை இழுத்து, வயிற்றுப் பக்கமுள்ள செவுள் பிளவுகள் வழியே விடுவதால், அதன் செவுளில் மணல் ஏறுவதில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஏலத்தில் செவுளின் சிவப்பைப் பார்த்துத்தான் விலை சொல்கிறோம். அந்தச் சிவப்பும் இதனால்தானா? 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடா பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கியதும் மூச்சடைப்பா?

பதில்: விலங்கியல் ஆசிரியை, மண்டபம்

ஆம். சுவர் அவ்வளவு மெல்லியது என்பதால் உள்ளே ஓடும் இரத்தமே வெளியே சிவப்பாகத் தெரிகிறது. மீன் செத்து நேரமாக ஆக, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் மாறிச் செவுள் பழுப்பேறுகிறது.

2019இல் நீரைப் பச்சையாக்கியது நாக்டிலூகா என்னும் நுண்ணுயிரி. அது பெருகிப் பின் அழுகும்போது நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. செவுள் எவ்வளவு திறமையாக இருந்தாலும் நீரில் இல்லாததை எடுக்க முடியாது. விலகி நீந்திப் போக வழியில்லாத, பாறைகளை ஒட்டி வாழும் மீன்களே இத்தகைய வேளைகளில் முதலில் மடிகின்றன.