பள்ளிக்கூடக் கொடியேற்றத்தில் மனசை விட்டுப் போகாத ஒரு நாள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கடலோரத்து டீச்சர்:
இரண்டு வருஷமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றே இருக்கிறேன். ஆகஸ்ட் 15 பேச்சுக்கு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பேச்சு நான் எழுதிக் கொடுத்ததுதான். 1857, வேதாரண்யம் உப்பு, வெள்ளையனே வெளியேறு, 1947 நள்ளிரவு, எல்லாம் வழக்கம்போல. கடைசியில் 'இன்று நம் நிலமும் கடலும் நமக்கே சொந்தம், அச்சமின்றி நடமாடுகிறோம்' என்று ஒரு பத்தி. அவள் அப்பா அப்போது மீன்பிடிக்கப் போன இடத்தில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில், இலங்கைச் சிறையில் இருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதும்போது ஞாபகம் வரவில்லை.

கணீரென்று பேசினாள். அந்தப் பத்தி வந்ததும் அதைத் தாண்டி நேராக 'ஜெய்ஹிந்த்'. தடுமாறவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து நானும் கைதட்டினேன். இறங்கி வந்து தாளை என் கையில் கொடுத்தாள். அந்தப் பத்தியின் ஓரத்தில் மட்டும் மேலிருந்து கீழே பென்சிலால் ஒரு கோடு. வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். தாள் இன்னும் என் வருகைப் பதிவேட்டுக்குள் இருக்கிறது.

பாம்பன் வல்லம்:
படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை டீச்சர். என்னுடையது சின்னது. என் மகள் பள்ளிக்கூடத்தில் ஜனவரி 26. வந்திருந்த விருந்தினர் கயிற்றை இழுக்கிறார், கொடி அவிழவில்லை. பூவெல்லாம் உள்ளேயே இருக்கிறது. பி.டி. சார் வேர்த்துப்போய் நிற்கிறார். பிள்ளைகள் சல்யூட் அடித்த கையை இறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறார்கள். பின்னால் நின்ற எங்கள் ஐயா (அப்போதே 70 வயசு, வல்லம் படகில் பாய் கட்டிய கை) முன்னால் போய், கயிற்றை இழுக்காமல் தளர்த்தி விட்டு, ஒரு சுண்டு சுண்டினார். பூ கொட்டியது. யாரையும் பார்க்காமல் திரும்பிவந்து தன் இடத்தில் நின்றுகொண்டார். அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே அன்றைக்குத்தான். இப்போது அவர் இல்லை.

நம் ஊர் உப்புக் காற்றுக்குக் கப்பி துருப்பிடித்துவிடும். முதல் நாளே எண்ணெய் விட்டு, இழுத்தால் உருவிக்கொள்ளும் சுருக்காகப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15க்குக் கொடி கீழிருந்து மேலே ஏற வேண்டும், ஜனவரி 26க்கு மேலேயே கட்டியிருப்பதை விரிப்பதுதான். பல பள்ளிகளில் இரண்டு நாளும் மேலேயே கட்டிவைத்துவிடுகிறார்கள்.

சேதுக்கரையான்:
டீச்சர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் சொல்கிறேன். பிள்ளைக்கு நாம் எழுதிக் கொடுப்பதே தப்பு. நானும் அப்படி மனப்பாடம் பண்ணிப் பேசிப் பரிசு வாங்கியவன்தான். ஒரு குடியரசு நாளன்று பரிசுத் தட்டோடு சைக்கிளில் குந்துகால் பக்கம் போனேன். அங்கே விவேகானந்தர் வந்து இறங்கிய தேதி ஜனவரி 26, 1897 என்று எழுதியிருந்தது. அதே தேதி! எந்த வாத்தியாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இவ்வளவுதான் என் கதை.

நான் சொல்ல வருவது வேறு. மீரட்டும் ஜாலியன்வாலாபாகும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். ஆனால் தொடக்கம் நம் காலடியில் இருக்க வேண்டும். சிகாகோவில் பேசிவிட்டுத் திரும்பியவரின் வண்டியை ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி தானே கைபோட்டு இழுத்தார் என்று சொல்லுங்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பிடித்துவிடும். 1798ல் கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் நேருக்கு நேர் சந்தித்த ராமலிங்க விலாசம் அரண்மனை ராமநாதபுரத்தில் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம், மேடை நாடகம் தேவையில்லை. இன்னொரு ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியை 1795ல் கம்பெனிக்காரன் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டான், 1809ல் சிறையிலேயே இறந்தார். இதையெல்லாம் பிள்ளைகளே போய்ப் பார்த்து, வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, நாலு வரி எழுதட்டும். டீச்சர் பிழை மட்டும் திருத்தட்டும். மிட்டாய் பட்ஜெட்டில் பாதியை பஸ்ஸுக்குக் கொடுங்கள். ஜூலையிலேயே ஹெச்.எம்.மிடம் பேசிவிடுங்கள், ஆகஸ்ட் பிறந்தால் யாருக்கும் நேரம் இருக்காது.

தொண்டிக்காரி:
சேதுக்கரையான் அண்ணே, பட்டியலில் திருவாடானையை விட்டுட்டீங்களே! 1942 ஆகஸ்டில் சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை அடைத்து வைத்திருந்த சிறையை ஜனங்கள் திரண்டு உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஊர். பத்தாம் வகுப்பு வரை எனக்குத் தெரியாது.

ஆனால் டீச்சரை நீங்கள் பேசியது சரியில்லை. நாலு வகுப்பை ஒருத்தராகப் பார்க்கிற பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுக்காமல் என்ன செய்வது? அவர் யோசனை கேட்கவும் இல்லை.

தனுஷ்கோடிப் பேத்தி:
எங்கள் அப்பத்தாவை டிசம்பர் 23 அன்று பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். 1964 தனுஷ்கோடிப் புயலுக்கு நினைவஞ்சலி. புயல் தேசிய நாளா என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் அதற்கு முன்னால், அதற்குப் பின்னால் என்றுதான் காலக் கணக்கே. ஒரு பையன் கட்டுரை படித்தான். 22ஆம் தேதி ராத்திரி, 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலோடு கடலில் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தது எல்லாம் இருந்தது, நன்றாகத்தான் எழுதியிருந்தான். அப்புறம் இரண்டு நிமிஷம் மௌனம்.

அப்பத்தாவுக்கு மௌனம் என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளையின் தோளைத் தொட்டு, 'ஏத்தா, எதுக்குப் பேசாம நிக்கிறீக? அன்னைக்கு நாங்க போட்ட சத்தமே யாருக்கும் கேக்கலையே' என்றது. மைக் அணைக்காமல் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது.

அதற்கப்புறம் பேசச் சொன்னபோது அது ஒன்றும் பேசவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டோம். நான் ஏன் முன்னாலேயே விளக்கிச் சொல்லிக் கூட்டிப்போகவில்லை என்று இப்போதும் தோன்றும்.

உச்சிப்புளி:
2015 ஜூலை 30. நான் ஒன்பதாவது. பேக்கரும்பில் கலாம் ஐயா அடக்கத்துக்குப் பள்ளிச் சீருடையிலேயே போனோம். கூட்டத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, முன்னால் நின்றவரின் முதுகு மட்டும்தான். யாரென்றே தெரியாத ஒருவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஒன்பதாவது படிக்கிற பையனை! இப்போது அக்டோபர் 15 வந்தால் பள்ளிகளில் 'கனவு காணுங்கள்' என்று பேனர் கட்டுகிறார்கள், இளைஞர் எழுச்சி நாள். எனக்கு அந்தத் தோள்தான் ஞாபகம் வருகிறது. அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

கடலோரத்து டீச்சர்:
தொண்டிக்காரிக்கு நன்றிம்மா. சேதுக்கரையான் ஐயா சொன்னதிலும் எனக்குக் கோபமில்லை, ராமலிங்க விலாசம் கூட்டிப்போக இந்த வருஷம் கேட்டுப் பார்க்கிறேன். தனுஷ்கோடிப் பேத்தி எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி உள்பெட்டியில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இப்போது ஒன்பதாவது. என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வாள், நானும் சொல்வேன். அந்தக் கோட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் அப்பா அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். படகு வரவில்லை. இப்போது வேறொருவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார்.