கலங்கிய நன்னீரில் ஸ்கூபா: ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, தொடரலாமா?

கேள்வி

கடலில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீருக்கடியில் நீந்துவது) பயிற்சி முடித்து இதுவரை பதினோரு முறை மூழ்கியிருக்கிறேன். எல்லாமே பதினைந்து, இருபது மீட்டர் வரை பளிச்சென்று தெரிந்த நீர். சென்ற வாரம்தான் முதல் முறையாக, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் தேங்கிய நன்னீரில் இறங்கினேன்.

உடம்பு மிதக்காமல் மூழ்குவதற்காகக் கடலில் கட்டும் அதே 8 கிலோ ஈயத்தைக் கட்டிக்கொண்டேன். நான்கு மீட்டருக்குக் கீழே போனதும் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் வெறும் கரும்பச்சை. மளமளவென்று எட்டு மீட்டருக்குப் போய், முழங்கால் வண்டலில் புதைந்தது. சேறு கிளம்பி என் கையே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கூட்டாளியைக் காணவில்லை. எது மேல், எது கீழ் என்று புரியாமல் மூச்சு இரைத்தது. விறுவிறுவென்று மேலே வந்துவிட்டேன். அவர் ஐந்து நிமிடம் கழித்துத்தான் வந்தார். கீழே என்னைத் தேடிக்கொண்டிருந்தாராம். அந்த ஐந்து நிமிடமும் தண்ணீரின் மேல் தனியாக மிதந்தபடி நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

எனக்கு எட்டும் தூரத்தில் இருப்பது இந்த நீர்நிலை ஒன்றுதான். பழகினால் சரியாகிவிடுமா, அல்லது இது எனக்கு ஒத்துவராதா?

பதில் 1

முதலில் ஒன்று கேட்கிறேன்: மேலே வரும்போது மூச்சை அடக்கினீர்களா? வேகமாக ஏறுகையில் நுரையீரலில் உள்ள காற்று விரிகிறது. எட்டு மீட்டர் ஆழம்தானே என்று நினைக்கக் கூடாது. அதைவிடக் குறைந்த ஆழத்திலிருந்து மூச்சடக்கி வந்தாலே நுரையீரல் கிழியலாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மரத்துப்போன உணர்வோ இருந்தால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

நான் ஸ்கூபா கற்றதே கலங்கல் நீரில்தான். இன்றும் பெரும்பாலும் அங்குதான் இறங்குகிறேன். உங்களுக்கு நடந்ததை நிதானமாகப் பின்னோக்கிப் பார்த்தால் ஈயத்தில்தான் தொடங்குகிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தியானது. நீங்களும் உங்கள் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால், நன்னீரில் உங்களைத் தாங்கும் விசை சுமார் இரண்டரை கிலோ குறைகிறது. அந்த இரண்டரை கிலோவை நீங்கள் கழற்றவில்லை. அதனால்தான் அடிக்கு இழுத்துக்கொண்டு போனது, அதனால்தான் முழங்கால் புதைந்தது, அதனால்தான் சேறு கிளம்பியது. அடுத்த முறை கரையோரத்தில், சிலிண்டரில் 50 பார் காற்றழுத்தம் மட்டும் மிச்சமிருக்கும்போது ஈயத்தைச் சரிபாருங்கள். மிதவைச் சட்டையில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) காற்றில்லாமல், இயல்பான மூச்சைப் பிடித்து நிமிர்ந்து நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும்.

கிளம்பிய சேறு சீக்கிரம் அடங்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கடலில் உப்பு களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கீழே இறக்கிவிடும். நன்னீரில் அந்த உதவி இல்லை. மணிக்கணக்காக அந்தரத்தில் நிற்கும். ஆகவே தரையிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் உயரத்தில், உடம்பைக் கிடைமட்டமாக வைத்து நீந்துங்கள். துடுப்பை மேலும் கீழும் அடிக்காமல், முழங்காலை மடக்கித் தவளை போலப் பக்கவாட்டில் உதையுங்கள். இதைத் தெளிந்த நீரில் பழகிவிட்டு வாருங்கள்.

திசை தெரியாமல் போனால் எதையும் செய்யாமல் நில்லுங்கள். மூச்சை விடுங்கள், கன்னத்தை உரசிக்கொண்டு குமிழ்கள் போகும் பக்கம்தான் மேல். பிறகு ஆழமானியைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்ற கணக்கு, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் அந்தக் கருவியால்தான் காப்பாற்றப்படும்.

கூட்டாளி விஷயத்தில் எனக்கு வருத்தமே. ஒரு நிமிடத்துக்கு மேல் தேடக் கூடாது. பிறகு இருவரும் நிதானமாக மேலே வந்துவிட வேண்டும். இதைக் கரையிலேயே இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. நான் இறங்குமுன் கயிற்றில் ஒரு வெள்ளைத் தட்டைக் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்பேன். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் இப்படித்தான் கடல்நீரின் தெளிவை அளந்தார். தட்டு இரண்டு மீட்டரில் மறைந்தால் அன்றைய திட்டத்தைப் பாதியாகக் குறைப்பேன்: கரையை ஒட்டி, ஆறு மீட்டருக்குள், மிதவையில் கட்டிய இறங்கு கயிற்றைவிட்டு விலகாமல். அரை மீட்டரில் மறைந்தால் கருவிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிடுவேன்.

பதில் 2

மேலே சொன்னதெல்லாம் சரி. டார்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை: அகலமாக ஒளி பரப்பும் டார்ச் கலங்கலில் உங்கள் கண்ணையே கூசவைக்கும், மூடுபனியில் வாகன விளக்கைப் போல. ஒளிக்கற்றை குறுகலாக இருக்க வேண்டும். கண்ணிலிருந்து தள்ளி, கையை நீட்டிப் பிடியுங்கள்.

இருவரையும் கயிற்றால் பிணைத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். மூழ்கிய மரக்கிளைகளும் அறுந்த தூண்டில் நரம்புகளும் கிடக்கும் இடத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மீட்டர் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், உடம்பில் கட்டாதீர்கள். நரம்பை வெட்டும் கருவி இரு கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பதில் 3

கோடையில் மேல்நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் சில மீட்டருக்குக் கீழே ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று குளிரும். அந்தக் குளிரில் மூச்சு தானாக வேகமெடுக்கும். உங்களுக்கு இரைத்ததில் அதற்கும் பங்கிருக்கலாம். நீரின் மேல் பச்சைச் சாயம் கொட்டியதுபோல ஏடு படிந்திருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். அது நச்சு சுரக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம்.

கேட்டவரின் பதில்

மூச்சை அடக்கவில்லை; அலறிக்கொண்டே வந்ததால் காற்று வெளியேறிவிட்டது. வலி எதுவும் இல்லை. கரையில் பேசிக்கொள்ளவில்லை என்பது உண்மை. அதை இருவருமே ஒப்புக்கொண்டோம்.

நேற்று மறுபடியும் போனோம். ஐந்தரை கிலோ போதுமானதாக இருந்தது. தட்டு மூன்று மீட்டரில் மறைந்தது. இறங்கு கயிற்றில் ஒரு கை, கூட்டாளியோடு பிடித்த கயிற்றில் மறு கை. ஐந்து மீட்டரில் இருபது நிமிடம், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை அவர் பிடி நழுவியது. நான் மனத்துக்குள் அறுபது வரை எண்ணத் தொடங்கினேன். பதினேழில் அவருடைய டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

மேலே வரும் வழியில் முகமூடிக்கு ஒரு சாண் முன்னால் நாணயம் அளவில் கண்ணாடிபோல ஒன்று சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. நன்னீரில் ஜெல்லி மீன் உண்டா?

பதில் 1

உண்டு. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையிலிருந்து உலகெங்கும் பரவிய இனம். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வரை வளரும். அதன் கொட்டும் இழைகள் நம் தோலைத் துளைப்பதில்லை. கோடை முடிவில் கூட்டமாக மேலெழும்பும், பிறகு வருடக்கணக்கில் கண்ணில் படாமலும் போகும். இந்த வாரமே இன்னொரு முறை இறங்கிப் பாருங்கள்.