கேம் கன்ட்ரோலர்: செல் மாற்றும் வகையை வாங்குவதா, உள்ளேயே பேட்டரி உள்ள வகையை வாங்குவதா?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு கேம் கன்ட்ரோலர் வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன், பேட்டரி விஷயத்தில் எனக்கிருக்கும் குழப்பத்தைச் சொல்லி, அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

எங்களிடம் ஏற்கெனவே இரண்டு கன்ட்ரோலர்கள் உள்ளன. ஒன்றில் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. வாங்கி நான்கரை ஆண்டுகள் ஆகின்றன. புதிதில் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தாங்கியது. இப்போதோ முழு சார்ஜில் தொடங்கினாலும், கால்பந்து ஆட்டத்தின் இரண்டாம் பாதி முடிவதற்குள் அணைந்துவிடுகிறது. அதனால் ஒயரைச் செருகியபடியே விளையாடுகிறார்கள். கூடத்தின் குறுக்கே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கிய அந்த ஒயரில் என் தாயார் ஒருநாள் கால் இடறி, நல்லவேளையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மற்றொன்று இரண்டு பென்சில் செல் போடும் வகை. எட்டு ஆண்டுகளாகியும் வாங்கிய அன்று எத்தனை மணி நேரம் ஓடியதோ அத்தனை நேரம் இன்றும் ஓடுகிறது. ஆனால் அல்கலைன் செல் வாங்கி வாங்கி அலுத்துவிட்டது. ஒரு கோடை விடுமுறையில் செல்லைக் கழற்றாமல் ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து மூடியைத் திறந்தால், செல் கசிந்து ஸ்பிரிங்கின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

நான் கேட்க விரும்புவது இதுதான். ரீசார்ஜ் செல்லில் 1.2 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள்; 1.5 வோல்ட் செல்லுக்காகச் செய்த கன்ட்ரோலருக்கு அது போதுமா? உள்ளே இருக்கும் பேட்டரி தளர்ந்துபோன பழைய கன்ட்ரோலரை மீட்க முடியுமா? இனி வாங்குவதானால் எந்த வகை நல்லது?

சேலம்_பழுதகம்

வணக்கம் நண்பரே. பதினைந்து ஆண்டுகளாகச் சிறு மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்து வருகிறேன். உங்கள் இரண்டு கன்ட்ரோலர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. கன்ட்ரோலரில் நிச்சயமாக வயதாகும் பாகம் பேட்டரிதான். பொத்தான் தேயாமல் போகலாம், குச்சி தளராமல் போகலாம். ஆனால் உள்ளேயே பொருத்தப்படும் லித்தியம் அயான் பேட்டரி, பயன்படுத்தினாலும் அலமாரியில் தூங்கினாலும், நாளாக நாளாகத் தன் கொள்ளளவை இழந்துகொண்டே வரும். பொதுவாக 300 முதல் 500 முறை முழுமையாக ஏற்றி இறக்கியபின் ஐந்தில் நான்கு பங்குதான் மிஞ்சும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கொள்ளும் கணக்கு. எங்கள் ஊர் மே மாத வெயிலில், முழு சார்ஜுடன் எப்போதும் ஒயரிலேயே கிடக்கும் பேட்டரி இன்னும் விரைவாகத் தளர்கிறது. வெப்பமும் நிறைந்த சார்ஜும் சேர்வதுதான் இதற்குப் பெரும்பகை. ஆகவே, எந்தப் பேட்டரி உயர்ந்தது என்பதைவிட, அது தளரும் நாளில் அதை யார் மாற்ற முடியும் என்பதைத்தான் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1.2 வோல்ட் பற்றிக் கவலை வேண்டாம். அல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கினாலும் அங்கேயே நிற்பதில்லை. ஏறக்குறைய பாதி தீர்ந்ததும் 1.2 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது, அதன்பிறகும் கன்ட்ரோலர் ஓட வேண்டும் என்றுதான் சுற்றை வடிவமைக்கிறார்கள். நீங்கள் கேட்கும் ரீசார்ஜ் செல்லோ (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை) தொடக்கம் முதல் கடைசிவரை பெரும்பாலும் 1.2 வோல்ட்டிலேயே நிற்கும். இதனால் ஒரே ஒரு சிறு தொல்லை உண்டு: திரையில் காட்டும் பேட்டரி அளவு நம்பத்தக்கதாக இருக்காது. பாதி என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டு, எச்சரிக்கை வந்த சிறிது நேரத்தில் நின்றுவிடும்.

பழைய ரீசார்ஜ் செல்கள்மீது பலருக்கு இன்றும் வெறுப்பு இருக்கிறது. ஏற்றி வைத்த செல் ஒரு மாதம் கழித்து எடுத்தால் பாதி காலியாகியிருக்கும் என்பார்கள். அது உண்மையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2005 இல் சான்யோ நிறுவனம் எனிலூப் செல்லைக் கொண்டுவந்தபோது அந்த நிலை மாறியது. ஏற்றி வைத்து ஓராண்டு கழித்தும் பெரும்பகுதி சார்ஜ் நிற்கும் வகை அது. இப்போது அந்தப் பெயரில் பானசோனிக் விற்கிறது. வேறு பலரும் அதே வகையைச் செய்கிறார்கள். 2500 எம்.ஏ.எச். (செல்லின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்று பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு மயங்காமல், 2000 எம்.ஏ.எச். அளவிலுள்ளதை வாங்குங்கள். கொள்ளளவைக் கூட்டிய செல்களைவிட அவை அதிக முறை ஏற்றி இறக்கத் தாங்கும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுகிறேன். செல் போடும் கன்ட்ரோலர் அதிக நேரம் ஓடுவதற்குக் காரணம் அதன் செல் பெரிதாக இருப்பதன்று. இரண்டு ரீசார்ஜ் செல்லின் ஆற்றல் சுமார் 4.8 வாட் மணி. பிளேஸ்டேஷன் 5 உடன் வரும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் 1560 எம்.ஏ.எச். பேட்டரி, அதாவது சுமார் 5.7 வாட் மணி. கொள்ளளவு அதில்தான் கூடுதல். ஆனாலும் இரண்டு செல் போட்ட எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் 40 மணி நேரம் வரை ஓடும் என்று அதைச் செய்யும் மைக்ரோசாப்ட் நிறுவனம் சொல்கிறது; டூயல்சென்ஸ் அதன் பாதியைக்கூட எட்டுவதில்லை. நுட்பமான அதிர்வு, விரலின் அழுத்தத்துக்கு எதிர்விசை தரும் பொத்தான்கள், ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, விளக்கு என அத்தனைக்கும் அந்தச் சிறு பேட்டரிதான் தீனி போட வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த அதிர்வு பிடித்திருந்தால் அடிக்கடி சார்ஜ் ஏற்றுவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அது பேட்டரி வகையின் குற்றம் ஆகாது.

பழைய கன்ட்ரோலரை மீட்கலாம். எந்த மாதிரி என்று நீங்கள் எழுதவில்லை. பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலராக இருந்தால் பின்பக்கம் நான்கு திருகுகள் மட்டுமே. கழற்றியதும் மேல்மூடியையும் கீழ்மூடியையும் சட்டென்று இழுத்துப் பிரிக்காதீர்கள். இரண்டுக்கும் இடையே பட்டையான மெல்லிய கேபிள் ஒன்று செல்கிறது, அவசரப்பட்டால் அது கிழிந்துவிடும். பேட்டரி ஒட்டப்படாமல் ஒரு பிளாஸ்டிக் தட்டில்தான் படுத்திருக்கும். அதன் வெள்ளை முனையைப் பற்றி மெல்ல அசைத்தால் கழன்று வந்துவிடும், பற்றவைப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் அந்தக் கன்ட்ரோலரின் முதல் மாதிரிக்கும் பின்னர் வந்த மாதிரிக்கும் முனையின் அளவு வேறு என்பதால், திறந்து பார்த்த பிறகே புதிய பேட்டரி வாங்குங்கள். நின்டென்டோ ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர் இதைவிட எளிது. 2011 இல் வெளிவந்த 3டிஎஸ் கையடக்கக் கருவியின் அதே 1300 எம்.ஏ.எச். பேட்டரியை அதில் வைத்திருக்கிறார்கள். பழைய கைப்பேசிகளில் செய்ததுபோல் எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்த வேண்டியதுதான். உள்ளே பொருத்தியது என்றாலும் எல்லாம் ஒரே மாதிரி அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

திறக்கும்போது பேட்டரி தலையணைபோல் உப்பியிருந்தால், அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. வீட்டுக் குப்பையிலும் போடக் கூடாது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

மாடிவீடு

வைகைக்கரை அவர்களுக்கு, நான் மறுபக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். சேலம் நண்பர் சொன்னவை அனைத்தும் சரியானவை என்றாலும், அவை செல்லை ஒழுங்காகப் பராமரிக்கும் வீட்டுக்குத்தான் பொருந்தும். எங்கள் வீட்டில் நான்கு ரீசார்ஜ் செல் வாங்கினேன். மூன்றாவது மாதம் தேடியபோது ஒன்று சுவர்க் கடிகாரத்தில் இருந்தது, மற்றொன்று ஏ.சி. ரிமோட்டுக்குப் போகுமா என்று பார்த்துவிட்டு அலமாரி மேல் வைக்கப்பட்டிருந்தது. மிஞ்சிய இரண்டில் ஒன்று ஏற்றியது, மற்றது ஏற்றாதது. எது எது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஏற்றியதையும் காலியானதையும் சேர்த்துப் போட்டு ஓட்டினால், வலுவுள்ள செல் வலுவற்ற செல்லைத் தலைகீழாக இழுத்துக் கெடுத்துவிடும் என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். ஒரு செல் அப்படித்தான் வீணானது.

இப்போது உள்ளேயே பேட்டரி உள்ள இரண்டு கன்ட்ரோலர்கள் வைத்திருக்கிறோம். விளையாடி முடித்ததும் தொலைக்காட்சிக்கு அருகிலுள்ள சார்ஜ் ஏற்றும் தாங்கியில் வைத்துவிட வேண்டும் என்பது மட்டுமே விதி. என் ஏழு வயது மகளும் அதைத் தவறாமல் செய்கிறாள். நான்கைந்து ஆண்டுகளில் பேட்டரி தளரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்கைந்து ஆண்டுகளும் அன்றாடம் தரும் எளிமைக்கு ஒரு மதிப்பு உண்டு அல்லவா? ஐந்தாம் ஆண்டில் ஒரு நாள் பேட்டரியை மாற்றிக்கொள்வதைவிட, வாரந்தோறும் செல்லைத் தேடுவதுதான் எனக்குப் பெரிய சுமையாக இருந்தது.

ரைன்_நதிக்கரை

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இந்த விவாதம் இங்கே விரைவில் சட்டத்தின் பக்கம் நகரப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் நிறைவேற்றிய பேட்டரி ஒழுங்குமுறையின் 11 ஆம் பிரிவு, 2027 பிப்ரவரி 18 முதல் பொருந்துகிறது. அதன்படி, சிறு பேட்டரி உள்ள கருவிகளை இங்கே விற்பவர்கள், அந்தப் பேட்டரியைப் பயன்படுத்துபவரே எளிதாகக் கழற்றி மாற்றும்படி செய்திருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவிகளே போதுமானவையாக இருக்க வேண்டும். சிறப்புக் கருவி தேவையென்றால் அதைப் பொருளுடன் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். சூடேற்றியோ கரைப்பான் ஊற்றியோ பசையை இளக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. குறிப்பிட்ட மாதிரியின் கடைசிப் பொருளை விற்பனைக்கு விட்ட பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் மாற்றுப் பேட்டரி கிடைக்கச் செய்வதும் அவர்களின் கடமை. ஈரத்தில் பயன்படுத்தும் சில கருவிகள், சில மருத்துவக் கருவிகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கேம் கன்ட்ரோலர் அந்த விலக்கில் வராது.

இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம், மாடிவீடு அவர்கள் சொல்லும் எளிமையும் சேலம் நண்பர் கேட்கும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான். இரண்டு செல்லுக்கான குழியைக் கொடுத்துவிட்டு, அதே குழியில் பொருந்தும் ரீசார்ஜ் பேட்டரியையும் தனியாக விற்பதை மைக்ரோசாப்ட் 2005 ஆம் ஆண்டின் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்திலிருந்தே செய்து வருகிறது. வேண்டியவர் ஒயரில் ஏற்றிக்கொள்கிறார், வேண்டாதவர் செல் போடுகிறார். அதே நிறுவனம் 2019 இல் விலை உயர்ந்த எலைட் கன்ட்ரோலரின் இரண்டாம் மாதிரியில் மட்டும் பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

வைகைக்கரை

விரிவாக எழுதிய மூவருக்கும் என் நன்றி. எங்களுடையது நான்கு திருகு வகைதான். மேலும் ஒரு சந்தேகம்: இணையக் கடையில் பென்சில் செல் அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல் என்று ஒன்றைப் பார்த்தேன். வோல்ட் கூடுதல் என்றால் இன்னும் நன்றாக ஓடும் என்று என் மகன் சொல்கிறான். வாங்கலாமா?

சேலம்_பழுதகம்

தயவுசெய்து வாங்க வேண்டாம். அது 14500 என்று அழைக்கப்படும் செல். உருவம் மட்டுமே பென்சில் செல் போன்றது. இரண்டைப் போட்டால், 3 வோல்ட் எதிர்பார்க்கும் சுற்றில் 7.4 வோல்ட்டும், புதிதாக ஏற்றியிருந்தால் 8.4 வோல்ட்டும் பாயும். அப்படிப் போட்டுச் சுற்றுப்பலகை கருகிப்போன கன்ட்ரோலர் ஒன்று போன வாரம்தான் என் மேசைக்கு வந்தது; செல் மூடியைத் திறந்ததும் கருகல் வாடை அடித்தது, அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லித்தியம் செல்லிலேயே சுற்று வைத்து 1.5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் வேறொரு வகை உண்டு. அதைப் போடலாம், ஆனால் கடைசி நொடிவரை 1.5 வோல்ட் காட்டிவிட்டு முன்னறிவிப்பின்றி நின்றுவிடும்.

மாடிவீடு அவர்கள் சொன்ன குழப்பம் உண்மையானதுதான். என் வீட்டிலும் நடந்திருக்கிறது. செல்லை வாங்கிய அன்றே மார்க்கர் பேனாவால் ஒரு ஜோடிக்கு ‘அ’ என்றும் மறு ஜோடிக்கு ‘ஆ’ என்றும் எழுதி, வாங்கிய மாதத்தையும் குறித்துவிடுங்கள். ஒரு ஜோடி கன்ட்ரோலரில், ஒரு ஜோடி சார்ஜரில். வேறெங்கும் போகக் கூடாது. சார்ஜர் வாங்கும்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து ஏற்றும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டிரண்டாக மட்டும் ஏற்றும் மலிவு வகை ஜோடியின் சமநிலையைக் கெடுத்துவிடும்.

கசிந்த ஸ்பிரிங்குக்கு: அல்கலைன் செல்லின் கசிவு காரத்தன்மை உடையது. எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் ஒற்றி, முழுவதும் காய்ந்தபின் செல் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள்.

வைகைக்கரை

நேற்று மாலை பழைய கன்ட்ரோலரைத் திறந்தோம். மகன் திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டான், மகள் கைப்பேசி விளக்கைப் பிடித்தாள். அந்தப் பட்டைக் கேபிள் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. முன்கூட்டித் தெரியாமல் இருந்திருந்தால் நிச்சயம் கிழித்திருப்பேன். பேட்டரி உப்பவில்லை. முனை பெரிய வகை என்று பார்த்துக்கொண்டு, அதற்கேற்ற பேட்டரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

அது சரியாகிவிட்டால் மகளுக்கு அதுவே போதும். சார்ஜ் ஏற்றும் தாங்கியில் வைக்கும் பழக்கம் அவளுக்கு எளிதாக வரும். மகனுக்குச் செல் போடும் வகையில் புதிதாக ஒன்றும், 2000 எம்.ஏ.எச். செல் நான்கும், தனித்தனியாக ஏற்றும் சார்ஜர் ஒன்றும் வாங்குகிறோம். ‘அ’, ‘ஆ’ எழுதும் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான்.