புதுப்பிப்பு: பூவரசங்கட்டைச் சிற்பம் வெடித்த சிக்கல் தீர்ந்தது

ராமேசுவரம் அருகே உள்ள கடலோர ஊரான மண்டபத்தில் பொழுதுபோக்காக நான் பூவரசங்கட்டையில் செதுக்கிய ஆமை, மூன்றாம் நாளே வெடித்துவிட்டது என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

தண்ணீரில் ஊறவைத்த கட்டை, உலர்ந்ததும் மீண்டும் வெடித்தது. பலன் தந்தது படகுத் தச்சரான அண்ணன் சொன்ன வழிதான்: உருளையை நெடுகப் பிளந்து, நடுமையத்தை நீக்கி, இரு முனைகளிலும் மெழுகு பூசி, கடற்காற்று நேரே படாத நிழலில் ஆறு வாரம் வைத்தேன். மரம் ஆரத்தின் திசையில் (மையத்திலிருந்து பட்டையை நோக்கி) சுருங்குவதைவிட வளர்ச்சி வளையத்தின் போக்கில் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்குவதால், மையத்தோடு உலரும் முழு உருளை பெரும்பாலும் வெடித்துவிடும் என்று அவர் விளக்கியது எனக்குப் பேருதவியாக இருந்தது. இம்முறை ஒரு கீறல்கூட இல்லை.

உப்புக்காற்றில் உளிகள் துருப்பிடித்தன. வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைக்கிறேன்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. காத்திருந்த அந்த வாரங்களில் கட்டையை நாள்தோறும் எடுத்துப் பார்த்தபோது, அதன் வளைவு ஆமையாக அல்லாமல் எங்கள் கடலின் ஆவுளியாவாகத் (கடற்பசுவாகத்) தெரியத் தொடங்கியது. அச்சுப்படத்தைப் பார்த்தே செதுக்கிவந்த நான், முதன்முறையாக மரத்தின் ரேகையைப் பின்பற்றி அதைச் செதுக்கி முடித்தேன்.